தேரோட்டக் கற்பித்த மருத்துவர்

நுழையும்முன்

நீரிழிவு நோயாளர் ஒருவரேனும் இல்லாத தெரு இன்று நம் ஊர்களில் அரிது. விரல் நுனியில் ஊசி குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தல், உணவை அளவறிந்து உண்ணல், காலையில் நடத்தல், பாதங்களைப் பேணல், குருதியில் கொழுப்பின் அளவைச் சோதித்தல் ஆகியன பல வீடுகளில் அன்றாடப் பழக்கங்களாகிவிட்டன. நோயாளர் தம் நோயைத் தாமே அறிந்து ஆள வேண்டும் என்னும் எண்ணம் ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே புதிதாக இருந்தது. அவ்வெண்ணத்தை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விடாது வற்புறுத்தியவர் அமெரிக்க மருத்துவர் எலியட் ஜாஸ்லின்.

இளமையும் கல்வியும்

எலியட் புராக்டர் ஜாஸ்லின் 1869ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற பல்கலைக்கழக நகரத்திற்கும் இவ்வூருக்கும் பெயரளவில் மட்டுமே ஒற்றுமை உண்டு. தந்தையார் காலணி உற்பத்தியாளர். நீரிழிவு நோயாளரின் பாதங்களைப் பற்றியும் அவர்கள் அணியும் காலணிகளைப் பற்றியும் பிற்காலத்தில் ஓயாது எச்சரித்த மருத்துவர் ஒரு காலணி உற்பத்தியாளரின் மகனாக இருந்தது இனிய பொருத்தமே.

யேல் கல்லூரியில் 1890இல் பட்டம் பெற்ற ஜாஸ்லின், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பயின்று 1895இல் மருத்துவரானார். மாணவராக இருந்த காலத்திலேயே, 1893ஆம் ஆண்டில், பாஸ்டன் நகர மருத்துவமனையொன்றில் நீரிழிவால் வாடிய ஓர் ஐரிஷ் இளம்பெண்ணைக் கண்டார். அப்பெண்ணின் நிலையை விரிவாகக் குறித்து வைத்தார். பிற்காலத்தில் பல்லாயிரம் பெயர்களைத் தாங்கிய அவருடைய பதிவேட்டின் முதற்பெயர் அவளுடையது.

அக்காலத்தில் நீரிழிவு என்பது என்ன நிலையில் இருந்தது என்பதை இங்கு அறிதல் வேண்டும். நாம் உண்ணும் மாவுச்சத்து குளுக்கோசாக மாறிக் குருதியில் கலக்கிறது. அது தசைகளுக்குள்ளும் கொழுப்புத் திசுக்களுக்குள்ளும் நுழைவதற்குக் கணையம் சுரக்கும் இன்சுலின் துணை நிற்கிறது. இன்சுலின் அறவே இல்லாதபோது, குருதியில் சர்க்கரை பெருகியிருந்தும் உடல் பட்டினியில் கிடக்கிறது. சிறுநீரோடு சர்க்கரை வெளியேறுகிறது. உடல் தன் கொழுப்பையே கரைத்து எரிக்கத் தொடங்குகிறது. அதனால் உண்டாகும் கீட்டோன் பொருள்கள் குருதியை அமிலமாக்குகின்றன. முடிவில் மயக்கமும் இறப்பும் நேர்கின்றன. குழந்தைகளுக்கு இந்நோய் வந்தால் ஓரிரு ஆண்டுகளே வாழ்வு. பெரியவர்கள் சிலர் நெடுநாள் இருந்தனர். ஆயினும் கண்ணும் காலும் இதயமும் ஒவ்வொன்றாகக் கெட்டன. இன்சுலின் என்னும் பொருளை அதுவரை எவரும் பிரித்தெடுத்திருக்கவில்லை.

நோய் ஜாஸ்லினின் குடும்பத்திலும் நுழைந்தது. அவருடைய தாயாருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நோயாளராகப் பதிவேட்டில் அவர் பெயரையும் மகனே எழுதினார். உணவை ஒழுங்குபடுத்தியும் உடலை இயக்கியும் அந்த அம்மையார் பத்தாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். அன்றைய எதிர்பார்ப்புக்கு இது மிக அதிகம். ஒழுங்கு ஒருவரின் ஆயுளை நீட்டும் என்னும் உறுதி ஜாஸ்லினுக்கு நூல்களிலிருந்து மட்டும் வந்ததன்று.

பதிவேடும் பட்டினியும்

1898ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஜாஸ்லின், நோயாளர் ஒவ்வொருவரைப் பற்றியும் விடாது எழுதிவந்தார். வயது, எடை, நோய் தொடங்கிய நாள், உணவு, சிறுநீரில் சர்க்கரை என அனைத்தும் பதிவாயின. நோயாளர் ஊர்விட்டு ஊர் சென்றாலும் கடிதம் எழுதி நலம் கேட்டார். இறந்தால் எதனால் இறந்தார் என்று அறிந்து குறித்தார். இது எழுத்தர் வேலை போலத் தோன்றலாம். அவர் பிற்காலத்தில் கூறிய முடிவுகள் பெரும்பாலும் இப்பதிவேட்டின் பக்கங்களிலிருந்தே பிறந்தன.

1908ஆம் ஆண்டு முதல், பாஸ்டனிலிருந்த கார்னகி நிறுவனத்தின் உணவூட்ட ஆய்வகத்தில் பிரான்சிஸ் பெனடிக்ட் என்னும் அறிஞரோடு இணைந்து அவர் ஆய்வு நடத்தினார். நீரிழிவு நோயாளர் உள்ளிழுக்கும் உயிர்வளி எவ்வளவு, வெளிவிடும் கரியமிலவளி எவ்வளவு, உடல் வெளியிடும் வெப்பம் எவ்வளவு என்பன நுட்பமாக அளக்கப்பட்டன. நோயுற்ற உடல் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் ஆகியவற்றை எவ்வாறு செலவிடுகிறது என்னும் கணக்கு இதனால் ஓரளவு தெளிந்தது. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நாம் பயன்படுத்தும் பெனடிக்ட் கரைசலைக் கண்டவர் இவர் அல்லர்; அவர் ஸ்டான்லி பெனடிக்ட் என்னும் வேறொரு அறிஞர். அவருடைய நீலக் கரைசலும் விரைவில் ஜாஸ்லினின் நோயாளர் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது.

அடுத்து வந்த ஆண்டுகள் இவ்வரலாற்றில் படிப்பதற்கே கடினமானவை. ஃபிரடெரிக் ஆலன் என்னும் மருத்துவர், சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை நோயாளரைப் பட்டினியிருக்கச் செய்து, பின் உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டும் முறையை 1914ஆம் ஆண்டளவில் கொண்டுவந்தார். ஜாஸ்லின் அம்முறையை ஏற்றுப் பின்பற்றினார். காய்கறிகளை மும்முறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்து, அவற்றிலுள்ள மாவுச்சத்தையும் நீக்கிய பின்னரே சிலருக்கு உண்ணக் கொடுத்தனர். எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் படுக்கையில் கிடந்தனர். உண்ணக் கொடுத்தால் நோய் கொல்லும். கொடுக்காவிட்டால் பசி மெலியவைக்கும். இரண்டில் எது கொடியது என்னும் வினாவுக்கு மருத்துவர்களிடமும் பெற்றோரிடமும் விடை இல்லை. ஆயினும் இம்முறையால் சிலருக்குச் சில திங்களும் சிலருக்குச் சில ஆண்டுகளும் கூடுதலாகக் கிடைத்தன. அவ்வாறு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் 1922ஐ எட்டினர். அவ்வாண்டின் சிறப்பைப் பின்னர்க் காண்போம்.

நூலும் கையேடும்

தாம் கண்ட ஆயிரம் நோயாளரின் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 1916இல் நீரிழிவு மருத்துவம் பற்றிய பெருநூலொன்றை ஜாஸ்லின் வெளியிட்டார். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் இறப்பைக் குறைத்தமையை அந்நூல் எண்களால் காட்டியது. மருத்துவர்களுக்கு அது போதுமானது. ஆனால் நோயாளர் மருத்துவரோடு இருப்பது திங்களுக்கு ஒரு மணி நேரம். நோயோடு இருப்பது எஞ்சிய நேரம் முழுவதும். எனவே 1918இல் மருத்துவரும் நோயாளரும் சேர்ந்து படிக்கத்தக்க கையேடு ஒன்றை எழுதினார். உணவை எடைபோடுவது எப்படி, சிறுநீரைச் சோதிப்பது எப்படி, பாதத்தைக் கழுவித் துடைப்பது எப்படி என்பனவெல்லாம் அதில் எளிய நடையில் இருந்தன. நோயாளருக்கு இத்தனை அறிவு எதற்கு என்று பலர் எண்ணிய காலம் அது.

சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலை எடுத்து, சில துளி சிறுநீரைச் சேர்த்துச் சூடாக்கினால், சர்க்கரை இல்லாதபோது நீலம் மாறுவதில்லை. சர்க்கரை மிக மிகப் பச்சை, மஞ்சள், செங்கற்சிவப்பு என நிறம் மாறும். பள்ளிப் படிப்பு இல்லாத இல்லத்தரசியும் பத்து வயதுச் சிறுவனும் இதைச் செய்யக் கற்றனர். தம் உடலுக்குள் நிகழ்வதைக் கண்ணால் காணும் வாய்ப்பு நோயாளருக்கு முதன்முதலாகக் கிடைத்தது.

1921இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் நீரிழிவைத் தடுப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அமைதியான ஒரு சிற்றூரின் அகன்ற தெருவில் அடுத்தடுத்து நின்ற மூன்று வீடுகளைப் பற்றி அக்கட்டுரை பேசியது. அவ்வீடுகளில் ஒருவர்பின் ஒருவராகக் குடியேறிய குடும்பத் தலைவர்கள் எழுவர். அவர்களுள் அறுவர் நீரிழிவால் இறந்தனர். இந்த அறுவரும் விடக்காய்ச்சலாலோ காசநோயாலோ இறந்திருந்தால் நகராட்சியும் சுகாதாரத் துறையும் விரைந்து வந்து காரணத்தைத் தேடியிருக்கும். நீரிழிவாதலால் எவரும் அசையவில்லை என்பது அவருடைய வருத்தம். மிகு உடல் எடைக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பையும் அவர் சுட்டினார். தொற்றா நோயையும் சமுதாயச் சிக்கலாகப் பார்க்கச் சொன்ன மிகத் தொடக்ககாலக் குரல்களுள் இது ஒன்று.

உலர்ந்த எலும்புகள் எழுந்தன

1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஃபிரடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்திலிருந்து சாற்றைப் பிரித்தெடுத்து ஆய்ந்தனர். மக்லியாட் தம் ஆய்வகத்தை அளித்து வழிகாட்டினார். காலிப் அச்சாற்றைத் தூய்மையாக்கினார். 1922 சனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. முதல் ஊசி பெரும்பயன் தரவில்லை. தூய்மையாக்கிய சாற்றைச் சனவரி 23 அன்று செலுத்தியபோது சர்க்கரை இறங்கியது.

அவ்வாண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் ஜாஸ்லின் தம் நோயாளர் ஒருவருக்கு முதன்முதலாக இன்சுலினைச் செலுத்தினார். அவர் ஒரு செவிலி. ஐந்தாண்டுகள் நோயோடும் பசியோடும் போராடி, ஏறத்தாழ 32 கிலோ எடைக்கு மெலிந்திருந்தார். இன்சுலினால் அவர் தேறிப் பல்லாண்டுகள் வாழ்ந்தார். அந்நாள்களில் தாம் கண்டவற்றை விவிலியத்தில் வரும் ஒரு காட்சிக்கு ஜாஸ்லின் ஒப்பிட்டார். உலர்ந்த எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கில் அவ்வெலும்புகள் ஒன்றுசேர்ந்து, தசை போர்த்து, உயிர்பெற்று எழுவதாக எசேக்கியேல் இறைவாக்கினர் கண்ட காட்சி அது.

இன்சுலின் வந்துவிட்டது, இனி உணவுக் கட்டுப்பாடு எதற்கு என்று மகிழ்ந்தவர் பலர். ஜாஸ்லினுக்கோ கற்பிக்கும் வேலை இரட்டிப்பானது. மருந்தின் அளவு கூடினால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரும். குறைந்தால் பழைய ஆபத்து. ஊசியும் உணவும் நடையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இதற்கெனச் செவிலியரைப் பயிற்றுவித்து நோயாளரின் வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் அடுக்களைக்குள் சென்று உணவைப் பார்த்தனர். ஊசி போடக் கற்றுக்கொடுத்தனர். இன்று உலகெங்கும் உள்ள நீரிழிவுக் கல்வியாளர் என்னும் பணியின் தொடக்கத்தை இங்கே காணலாம். நியூ இங்கிலாந்து டீக்கனஸ் மருத்துவமனையில் நோயாளர் வகுப்பறையில் அமர்வதுபோல் அமர்ந்து பாடம் கேட்டனர். பிரிசில்லா ஒயிட், ஹோவர்டு ரூட், அலெக்சாண்டர் மார்பிள் ஆகியோர் அவருடன் பணியாற்றினர். நீரிழிவுடைய பெண்கள் நலமாகக் குழந்தை பெறுவதற்கு வழிகண்டவர் பிரிசில்லா ஒயிட். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் பிறந்த இடத்தில் 1932 முதல் நீரிழிவுடைய சிறுமியர்க்குக் கோடை முகாம் நடந்தது. தம்மைப் போன்றே ஊசி போட்டுக்கொள்ளும் வேறு பிள்ளைகளைப் பலர் அங்குதான் முதலில் கண்டனர்.

புதிய பகை

இனிப் பதிவேடு சொன்ன செய்திக்கு வருவோம். 1914க்கு முன் இறந்த அவருடைய நோயாளருள் ஏறத்தாழ மூவரில் இருவர் அமில மயக்கத்தால் இறந்தனர். இன்சுலினுக்குப்பின் அவ்வகை இறப்பு விரைவாகக் குறைந்து, 1950களில் நூற்றுக்கு ஓரிருவர் என்னும் நிலைக்கு வந்தது. நோயாளர் நெடுநாள் வாழ்ந்தனர். ஆனால் இறப்புக்கு வேறொரு காரணம் முன்னே வந்து நின்றது. இதயம், மூளை, சிறுநீரகம், கால் ஆகிய உறுப்புகளின் தமனிகள் தடித்து அடைபட்டன. நோயாளருள் பெரும்பாலோர் இப்போது இவற்றால் இறந்தனர். ஒரு வாயிலை அடைத்த பின்னர் மற்றொரு வாயில் திறந்திருந்தது தெரிந்தது.

ஜாஸ்லின் இதை முன்பே ஐயுற்றிருந்தார். புளூர், கிரே என்னும் இருவரோடு சேர்ந்து நீரிழிவு நோயாளரின் குருதியிலுள்ள கொழுப்புப் பொருள்களை அளந்து 1917இலேயே ஆய்வுரை வெளியிட்டார். அப்பொருள்களுள் கொலஸ்டிராலும் ஒன்று. 1927இல் எழுதிய கட்டுரையில் நீரிழிவாளரின் தமனி நோய்க்கு உடலிலும் உணவிலும் குருதியிலும் மிகுந்த கொழுப்பே காரணமாகலாம் என்று வாதிட்டார். இன்சுலின் வருவதற்கு முன் மாவுச்சத்தைக் குறைத்த மருத்துவர்கள் அதற்கு ஈடாகக் கொழுப்பைக் கூட்டியிருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், இக்கருத்து தம் பழைய முறையையே அவர் கேள்விக்கு உட்படுத்தியதாகும். கொலஸ்டிராலின் அளவைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னபோது அதைக் குறைக்கத் தகுந்த மருந்து எதுவும் அவர் கையில் இல்லை. உணவும் எடைக்குறைப்பும் இன்சுலினுமே இருந்தன.

இன்று இதன் இயக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். இன்சுலின் குறைந்தாலோ உடல் அதற்கு இணங்காவிட்டாலோ கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கட்டின்றிக் கல்லீரலை அடைகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடுகளாக்கிக் குருதியில் விடுகிறது. நன்மை செய்யும் அடர்மிகு கொழுப்புப்புரதம் குறைகிறது. தீமை செய்யும் அடர்குறை கொழுப்புப்புரதத் துகள்கள் சிறுத்துத் தமனிச் சுவருக்குள் எளிதில் படிகின்றன. எல்லாக் கொழுப்பும் ஒரே வகையில் தீங்கு செய்வதில்லை என்பதும் இப்போது அறியப்பட்டுள்ளது. நிறைவுற்ற கொழுப்பே மிகுதியும் ஐயத்திற்குரியது. ஜாஸ்லின் கொழுப்பனைத்தையும் ஒன்றாக எண்ணினார். வழி சரியானது, வரைபடம் முழுமையடையாதது.

மாற்றுக் கருத்தும் குறையும்

அனைவரும் அவரை ஏற்கவில்லை. அமில மயக்கம் வராமலும் எடை குறையாமலும் இருந்தால் போதும், சிறுநீரில் சர்க்கரை வருவதால் கேடில்லை, நோயாளர் விரும்பியதை உண்ணட்டும் என்று 1940களில் சில மருத்துவர்கள் வாதிட்டனர். ஒவ்வொரு வாய் உணவையும் எடைபோடும் வாழ்க்கை சிறைவாழ்க்கை என்பது அவர்கள் கருத்து. இவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஜாஸ்லினிடம் இருந்தவை பதிவுகள். முறையான ஒப்பீட்டுச் சோதனை இல்லை. கட்டுப்பாட்டோடு இருந்தவர்கள் நலமாக இருந்தனர் என்று பதிவு சொன்னாலும், அவர்களுடைய நோயே மென்மையானதாக இருந்திருக்கலாம் அன்றோ?

மற்றொரு குறையும் உண்டு. சமயப் பற்றும் கண்டிப்பும் மிக்க அவர், உடல்நலத்தையும் ஒழுக்கத்தையும் ஒன்றாகவே கண்டார். எனவே கண் மங்கியவரும் கால் இழந்தவரும், நோயோடு சேர்த்துத் தம் கவனக்குறைவே காரணம் என்னும் பழியையும் சுமக்க நேர்ந்தது. வறுமை, மரபு, நோயின் வலிமை ஆகியவை ஒழுக்கத்தால் மட்டும் வெல்லத்தக்கவை அல்ல.

ஆயினும் தண்டிப்பதைவிடப் பாராட்டுவதையே அவர் பெரிதும் விரும்பினார். இருபத்தைந்து ஆண்டுகள் நோயோடு வாழ்ந்தும் கண்ணும் தமனிகளும் கெடாதிருந்தவர்களுக்கு வெற்றிப் பதக்கம் அளிக்க ஏற்பாடு செய்தார். நீரிழிவாளரை மூன்று குதிரைகள் பூட்டிய தேரைச் செலுத்துபவராக அவர் உருவகித்தார். குதிரைகள் மூன்றும் உணவு, இன்சுலின், உடற்பயிற்சி. தேரோட்டி நோயாளரே, மருத்துவர் தேரில் இல்லை.

1946ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அவருடைய பிறந்த ஊரான ஆக்ஸ்போர்டில் வீடுவீடாகச் சென்று ஆய்வைத் தொடங்கியது. ஊரில் ஏறத்தாழ 5,000 பேர். சோதிக்கப்பட்டவர் 3,516 பேர். நீரிழிவுடையவர் 70 பேர்; அவர்களில் 30 பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. அறிந்த நோயாளர் நால்வர்க்கு அறியாத நோயாளர் மூவர் என்னும் இக்கணக்கு, நோய் தோன்றும் முன்பே தேடிக் கண்டறிய வேண்டும் என்னும் கொள்கைக்கு வலிமை சேர்த்தது.

இறுதிக் காலமும் பின் வந்த சான்றும்

தொண்ணூறு வயதைக் கடந்தும் ஜாஸ்லின் பணியிலிருந்து விலகவில்லை. அவர் தொடங்கிய பெருநூலின் பத்தாம் பதிப்பு 1959இல் வெளிவந்தது. 1962 சனவரி 28ஆம் நாள், தம் 92ஆம் வயதில் மறைந்தார். வாழ்நாள் முழுவதும் அவர் வற்புறுத்திய கொள்கை மெய்யா பொய்யா என்பது அன்றும் முடிவாகாத வழக்காகவே இருந்தது.

முடிவு 1993இல் கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல்வகை நீரிழிவுடைய 1,441 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, சராசரியாக ஆறரை ஆண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தனர். சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய குழுவில், தொடக்கத்தில் விழித்திரை நலமாக இருந்தவர்களுக்கு அது கெடும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகமும் நரம்புகளும் பெரிதும் காக்கப்பட்டன. சர்க்கரை அடிக்கடி மிகத் தாழ்ந்துபோனதையும் அதே ஆய்வு மறைக்காமல் காட்டியது. பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் இரண்டாம்வகை நீரிழிவுக்கு 1998இல் இங்கிலாந்து ஆய்வு விடையளித்தது. அதில் சர்க்கரைக் கட்டுப்பாட்டோடு குருதி அழுத்தக் கட்டுப்பாட்டின் பயனும் வெளிப்பட்டது.

கொலஸ்டிரால் பற்றிய ஐயத்திற்கும் காலம் கனிந்தது. சப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து கண்டறிந்த பொருளின் வழியே, கொலஸ்டிரால் உருவாவதைத் தடுக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் பிறந்தன. அதுவரை இதயநோய் இல்லாத, இரண்டாம்வகை நீரிழிவுடைய 2,838 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஸ்டாட்டின் உட்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருங்கேடுகள் 37 விழுக்காடு குறைந்திருந்தன. அவர்களுடைய கொலஸ்டிரால் தொடக்கத்திலேயே மிக உயர்ந்திருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. நாற்பது வயதைக் கடந்த நீரிழிவாளருக்குச் சர்க்கரை அளவோடு கொழுப்பின் அளவையும் மருத்துவர்கள் இன்று பார்ப்பதற்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை.

ஜாஸ்லின் தொடங்கிய பதக்க மரபு அவருக்குப்பின் ஐம்பது ஆண்டுகள் இன்சுலினோடு வாழ்ந்தவர்களுக்கும் விரிந்தது. அப்பதக்கம் பெற்றவர்களை 2005 முதல் பாஸ்டன் ஆய்வாளர்கள் அழைத்துச் சோதித்தனர். அவர்களுடைய கணையம் முற்றிலும் வற்றியிருக்கும் என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். மூன்றில் இரண்டு பங்கினருக்கு, ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், கணையம் சிறிதளவேனும் இன்சுலினைச் சுரந்துகொண்டிருந்தது.